ரத்தத்தில் எல்லாம் தெரியுமாம்

டீ குடித்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் சூப்பர்வைசர் அந்த விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு ஆராய்ச்சி படிக்கிற பையன்கள் வருகிறார்களாம். ஆம்பளைகளிடம் மட்டும் ஒரு ஊசி ரத்தம் எடுப்பார்களாம். எயிட்ஸ் டெஸ்ட் எல்லாம் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்றார்.

"உங்க பாட்டன், அவனுக்குப் பாட்டன், அவனுக்கும் பாட்டன் எங்கிருந்து நடந்து வந்தான்னு ரத்தத்துல கண்டுபுடிச்சுருவாங்களாம். நம்ம கம்பெனியில எல்லா ஜில்லாக்காரனும் இருக்கறதால இங்க வர்றாங்க."

எனக்குப் பக்கத்து மிஷின்காரர் கையிலிருந்த துணியைத் திருப்பியபடியே, "அப்ப யாரு என்ன சாதின்னு தன்னால தெரிஞ்சுரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வரை நான் தைத்த பனியன்களில் பாதிக்குக் கை தலைகீழாக இருந்தது. செக்கிங்கில் இருந்த பெண்கள் கட்டோடு திருப்பி அனுப்பினார்கள்.

இது இரண்டாயிரத்து ஆறு வாக்கில். நாங்கள் தெற்கே இருந்து திருப்பூருக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் ஓவர்லாக் டெய்லர். என் மனைவி வீட்டிலிருந்தே பீஸ்களுக்கு, அதாவது தைத்த பனியன்களுக்கு, நூல் பிசிர் வெட்டிக் கொடுப்பாள். ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். நாங்கள் பொய் சொல்லி வீடு பிடித்தவர்கள்.

அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் போகவில்லை. வந்த புதிதில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஊர்களில் வெயிலில் அலைந்து வீடு கேட்டோம். யாரும் எங்களை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அது வருவதற்குள், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். நான் உள்ளதைச் சொல்வேன். தண்ணீர் வராது. "அடடா, காத்தாலதானுங்க வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம். முன்னமே வந்திருக்கக் கூடாதுங்களா" என்பார்கள். மனைவியின் இடுப்பில் பிள்ளை வாடிப்போய்க் கிடந்தது. கடைசியாகக் கேட்ட வீட்டில் என் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. ஊரில் எங்கள் அப்பா யார் வயலில் வேலை பார்த்தாரோ அவர்களுடைய சாதியை. அவர்களுடைய குலதெய்வம், கல்யாண முறை, துக்க முறை எல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் வரப்பில் வளர்ந்தவன் நான். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் தண்ணீர் வந்தது.

வீட்டுக்காரர் தோட்டத்தில் பாதியை விற்று ஷெட் கட்டி நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஷெட்டுக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். எங்களுக்கு அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய தனிப் போர்ஷனே கிடைத்தது. நான் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவது அவருக்கு வேடிக்கையாக இருக்கும். அவருடைய மனைவியை என் மனைவி அக்கா என்பாள். அந்த அக்கா நல்ல மனுஷி. என் மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்து அனுப்புவார். முறுக்குச் சுடும்போது, மாவு அரைக்கும்போது என்று என் மனைவியை அடுப்படிக்குள் கூட்டி வைத்துக்கொள்வார். "அம்மிணி கைப்பக்குவம் நம்முளுதாட்டவே இருக்குது" என்று ஊருக்கெல்லாம் சொல்வார்.

லைன் வீடுகளின் கடைசியில் ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். அவர்களும் எங்களைப் போலச் சாதியை மாற்றிச் சொன்னவர்கள்தான் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊரிலிருந்து வந்த ஒருவர் டீக்கடையில் உள்ளதை உளறிவிட்டார். வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. வாசலில் நின்று, "பொழுது எறங்கறதுக்குள்ள காலி பண்ணிக்கங்க சாமி" என்றார். அவ்வளவுதான். அவர்கள் பாத்திரங்களைச் சேலையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். உள்ளே இறங்கித் தேய்க்க ஒல்லியான ஆள் வேண்டும் என்று அக்கா என் மனைவியைக் கூப்பிட்டார். அவள் தேங்காய் நாரோடு உள்ளே இறங்கினாள். நான் மேலே நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்தேன். வெளியே வந்தவள் ஈரச் சேலையோடேயே பிசிர் வெட்ட உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் சூப்பர்வைசர் சொன்னது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது புரியும்.

வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

"ரத்தம் எடுக்க வாரது யாருன்னு தெரியுமா? அக்காவோட தங்கச்சி மகன். பெரிய படிப்பு படிக்கானாம். ரத்தத்துல அல்லாந் தெரிஞ்சு போயிரும் அம்மிணின்னு அக்காவுக்கு ஒரே சந்தோசம். உங்கூட்டுக்காரரை மொத ஆளா நிக்கச் சொல்லுன்னு சொல்லுதாவ."

"நான் ஊருக்குப் போறேன்னு சொல்லிரட்டுமா?"

"எத்தன நாளைக்குப் போவீய? வந்த பொறவு எடுக்க மாட்டாவளா?"

"காய்ச்சல்னு சொன்னா?"

"காய்ச்சல்னா அக்கா கஞ்சி வச்சிக் கொண்டாருவாவ." அவள் குரலைத் தாழ்த்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "நான் அவுக அடுப்புல சமைச்சிருக்கேன். அவுக சாமி ரூமைக் கூட்டிருக்கேன். தெரிஞ்சா தொட்டியக் கழுவுன மாதிரி கழுவிட்டு விட மாட்டாவ."

வேறு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். எனக்குத் துணிச்சல் வரவில்லை. ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்றதும் வீட்டைக் காலி செய்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடாதா?

ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் செக்‌ஷனில் மேஜை போட்டிருந்தார்கள். வரிசை அட்டைப்பெட்டிகளைச் சுற்றி வளைந்து நின்றது. பீகார் பையன்கள் ஒருவரை ஒருவர் முன்னே தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரும் வந்திருந்தார். கம்பெனி முதலாளிக்கு உறவுக்காரர், ஆராய்ச்சிப் பையனுக்குப் பெரியப்பா முறை. முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் முறை வந்தது. கண்ணாடி போட்ட ஒல்லியான பையன். தணிந்த குரல். அப்பா பிறந்த ஊர் கேட்டான். அப்பாவின் அப்பா பிறந்த ஊர் கேட்டான். வீட்டில் பேசுகிற மொழி கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"நீங்க எந்தச் சமூகமுங்கண்ணா?"

நான் ஊசிக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்படி நேராகக் கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர், பொய் சொன்னால் துருவிக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் பக்கத்தில் வீட்டுக்காரர். என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஊசியப் பாத்து மெரண்டுட்டாப்ல" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "நான் சொல்றேன் எழுதிக்க கண்ணு." நான் முன்பு சொன்ன அந்தச் சாதியை அவரே சொன்னார். "நம்ம ஊட்டுலதான் குடியிருக்காங்க. தங்கமான ஆளுங்க."

பையன் தலையாட்டினான். என் கையில் ரப்பர் பட்டை இறுகியது. கண்ணாடிக் குழாய்க்குள் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கறுப்பாக இருந்தது. அவர் சொன்னது ஒன்று, அந்தக் குழாய் சொல்லப்போவது ஒன்று என்று நினைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நரகம். வீட்டுக்காரரின் செல்போன் அடித்தால் நான் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். மனைவி அவர்கள் அடுப்படிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தலைவலி, பீஸ் நிறைய வந்துவிட்டது என்று ஏதாவது சொல்வாள். ஒருநாள் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, நாங்க ஏதாச்சும் சொல்லிப்போட்டமா? உள்ளாறயே வர மாட்டீங்கற?"

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா."

"அப்பொறம் என்ன? வா, அரிசியும் பருப்பும் ஊற வெச்சிருக்கேன்."

அவள் போனாள். திரும்பி வந்து, அந்தப் பாத்திரங்களைத் தொடும்போதெல்லாம் சுடுகிறது என்றாள்.

பொறுக்க முடியாமல்தான் நான் அந்தப் பையனிடம் கேட்டேன். பெரியம்மாவைப் பார்க்க வந்தவன் நிட்டிங் ஷெட்டில் மிஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மிஷின் சத்தத்தில் நாங்கள் பேசுவது வெளியே கேட்காது. அதற்காகவே அங்கே போனேன்.

"தம்பி, ஒரு சந்தேகம். ஒருத்தர் ஒரு சாதின்னு சொல்லி, அது தப்பா இருந்துச்சுன்னா, ரத்தத்துல தெரிஞ்சிருமா?"

கேட்டு முடித்ததும்தான் என்ன கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. கண்ணாடிக்குள் அவன் கண்கள் என் முகத்தில் நின்றன.

"தெரியாதுங்கண்ணா" என்றான் மெதுவாக. "நாங்க பாக்கறது ஒய் குரோமோசோம்னு ஒண்ணு. அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போறது. அதுல எப்பவாச்சும் ஒரு சின்ன மாத்தம் விழும். விழுந்தா அது வாரிசா வந்துட்டே இருக்கும். அதைப் புடிச்சுட்டே பின்னால போனா, ஆப்பிரிக்காவுல இருந்து எந்த வழியா, எந்தக் கூட்டத்தோட வந்தாங்கன்னு ஓரளவு சொல்லலாம். சாதியெல்லாம் நேத்து வந்ததுங்க. ஒரே சாதியில பல வழி இருக்கும். ஒரே வழி பல சாதியில இருக்கும். தனி ஒரு ஆளோட குழாயப் பாத்து இவர் இன்னாருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"பொம்பளப் பிள்ளைக்குப் போகாதா?"

"இது போகாதுங்க."

எனக்கு ஒரே மகள். அப்படியானால் என்னோடு நின்றுவிடும் என்பது அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது. சாதி மட்டும் அவளுக்கும் போகும் என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அவன் தயங்கினான். "ரத்தம் சொல்லாதுங்கண்ணா. ஆனா எழுதுனது தப்பா இருந்தா எங்க ஆராய்ச்சி தப்பாயிரும். எதாச்சும் மாத்தணுமுங்களா? உங்க பேரு அதுல இல்லீங்க, வெறும் நம்பர்தான். எந்த நம்பர் யாருதுன்னு என்ற நோட்டுல மட்டும்தான் இருக்குது. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் அப்படிப் பணிவாகக் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னேன். மிஷின் சத்தத்துக்குள் எங்கள் சாதியின் பெயரை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவனுக்குக் கேட்கவில்லை. அவன் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. "சரிங்கண்ணா" என்றான். பிறகு, "ரொம்பக் கஷ்டமா இருக்குமில்லீங்களா" என்றான்.

அன்று முதல் எங்கள் உயிர் ஒரு சின்னப் பையனின் நாக்கில் இருந்தது. "ஏன் சொன்னீய? அவன் அவுக வீட்டுப் பிள்ளைல்லா" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் சொல்லவில்லை. மாதங்கள் போயின. அடுத்த வருஷம் அவிநாசித் தேருக்கு வந்தான். தேர் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் விடாமல் கேட்டார்.

"ரத்தத்தக் கொண்டுட்டுப் போனயே கண்ணு, என்னதான் கண்டுபுடிச்சே? நம்முளுது மட்டுமாச்சும் சொல்லு."

"தனி ஆளோடது சொல்லக் கூடாதுங்க பெரியப்பா."

"நாந்தான கேக்கறேன்? என்ற ரத்தம் எனக்குத் தெரியக் கூடாதா?"

பையன் நுங்கைக் கீழே வைத்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லக்கூட நேரமில்லை.

"உங்களுதும் இந்த அண்ணனுதும் ஒரே வழிங்க பெரியப்பா. பல ஆயிரம் வருசத்துக்கு முன்னால ரெண்டு பேருக்கும் அப்பன் ஒருத்தன்தான்."

வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அட! நானும் நெனச்சேன். பாத்தவுடனே மனசுக்குப் புடிச்சுதே, சும்மாவா? நீங்க நமக்குப் பங்காளிங்க தம்பி!"

வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் சட்டையில் விபூதியும் வியர்வையும் மணந்தன. முதுகில் அவர் கை தட்டத் தட்ட என் எலும்புக்குள் குளிர் இறங்கியது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நிமிஷம் இன்னொன்று இல்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கதவுக்குப் பின்னால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அது அதோடு நிற்கவில்லை. ஷெட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பங்காளி, ரத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்று என்னைக் காட்டினார். பல ஆயிரம் வருஷம் என்றதை அவர் விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் சாயங்காலம் வந்து, "உங்க ஊரைப் பாத்துப்போடோணும் தம்பி. கார் எடுத்துட்டு ஊட்டுல அல்லாருமாப் போலாம். உங்க குலதெய்வத்துக்கு நம்ம செலவுல ஒரு கெடா வெட்டிப்போடுவோம்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

எங்கள் ஊரில் கார் நுழைந்து, யாரிடமாவது என் பெயரைச் சொன்னால், எந்தத் தெருவுக்கு வழி காட்டுவார்கள் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

பையனைத் தேடிப்போய்ப் பிடித்தேன். "ஏன் தம்பி இப்படிச் செஞ்சீங்க?"

"உண்மையத்தானுங்க சொன்னேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "மொதல்ல ஒண்ணுன்னு ஏத்துக்கட்டும், அப்பொறம் உள்ளதச் சொன்னா மனசு மாறுவாருன்னு நெனச்சேனுங்கண்ணா."

"உங்க பெரியப்பாவ உங்களுக்குச் சொந்தக்காரரா மட்டும்தான் தெரியும். எங்களுக்கு வேற மாதிரித் தெரியும்."

"நான் வேணும்னா கூட நின்னு பேசட்டுங்களா?"

"நீங்க பேசிட்டு பஸ் ஏறிருவீங்க தம்பி."

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நாங்கள் காலி செய்தோம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஊரோடு போகிறோம் என்று சொன்னோம். அக்கா அழுதுவிட்டார். என் மகளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வீட்டுக்காரர் டெம்போ பிடித்துக் கொடுக்கிறேன் என்று நின்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன். எங்கே இறக்குகிறோம் என்று டெம்போக்காரன் வந்து சொல்லிவிடுவானே. சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஸ்ஸில் ஏற்றி, ஊருக்குப் போவது போலப் போய், திருப்பூரின் இன்னொரு மூலையில் எங்கள் ஆட்கள் இருக்கிற காலனியில் இறங்கினோம். கம்பெனியும் மாறினேன். புது வீடு இடுக்காக இருந்தது. சாக்கடை நாற்றம். ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அங்கே போயும் எங்களுக்கு நிம்மதி வர நாளானது. எங்கே ஒரு கார் நின்றாலும் மனைவி கதவைச் சாத்துவாள்.

ஒருநாள் காலை அந்த அக்கா வந்து நின்றார். தனியாக, ஆட்டோவில். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். டி.சி. வாங்கும்போது நாங்கள் கொடுத்திருந்த புது விலாசத்தால், நாங்கள் ஊருக்குப் போகவே இல்லை என்பது அங்கே தெரிந்திருக்கிறது. மகளுக்கு எடுத்து வைத்திருந்த பாவாடை ஒன்று கையில் இருந்தது. தெருமுனையில் நீலக் கோட்டுப் போட்ட தலைவரின் சிலையைத் தாண்டித்தான் வர வேண்டும். சுவர்களில் எழுதியிருந்த கட்சிப் பெயர்களையும் படித்திருப்பார்.

"இங்கியா இருக்கறீங்க?" என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

என் மனைவி உள்ளே ஓடி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அக்கா அந்த டம்ளரையே பார்த்தார். கை லேசாக முன்னால் வந்தது. பிறகு முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாங் கண்ணு. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."

பாவாடையை வாசல் திண்டில் வைத்தார். போகும்போது திரும்பாமலேயே, "அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களும் அந்தப் பக்கம் வந்துராதீங்க" என்றார். அதை மிரட்டலாகச் சொன்னாரா, எங்களைக் காப்பாற்றச் சொன்னாரா என்று நானும் மனைவியும் பல நாள் பேசியிருக்கிறோம். அவள் காப்பாற்றத்தான் என்பாள். எனக்கு இப்போதும் உறுதியில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவிநாசி பஸ் ஸ்டாண்டில் நான் பன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது எதிரே நின்றார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அண்ணாச்சி என்று கூப்பிட வாய் வரவில்லை. ஓடவும் முடியவில்லை. அவர் திட்டவில்லை. என் நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாக, தன் சாயல் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது போலப் பார்த்தார். பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் வளைந்து போகிற வரைக்கும் அவர் பார்வை என்னை விட்டு அகலவில்லை.

என் பஸ் வந்தது. அவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போகும் அதில் ஏறாமல், அடுத்த பஸ்ஸுக்காக அங்கேயே உட்கார்ந்தேன்.